தூரம் தப்பாக வருகிறதா? சிவப்பு அரக்கர்களை வைத்துக் கேலக்ஸி அளப்பவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

இடவப்பாதி மழை இறங்கிவிட்டால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வானத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் பொள்ளாச்சி வரைக்கும் விரட்டிக்கொண்டு ஓடும். அந்த மாதங்களில் தொலைநோக்கியை மூடிவைத்துவிட்டு லேப்டாப்பில் ஹப்பிளின் பழைய படங்களைக் கிண்டுகிற கல்லூரிப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஹப்பிள் எடுத்த படங்கள் பொதுவில் இலவசமாகவே கிடைக்கின்றன. விண்மீன் வாரியாக ஒளி அளந்த பட்டியல்களை ஹவாய் பல்கலைக்கழகத்தின் கேலக்ஸித் தூரத் தரவுத்தளம் கையிலேயே கொடுத்துவிடுகிறது. மழைக்காலத்துக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

சிவப்பு அரக்க விண்மீன்களை வைத்து ஒரு கேலக்ஸியின் தூரத்தைக் கணக்குப் போட்டு முடிந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஏனுங்ணா, புஸ்தகத்துல ஒரு தூரம் இருக்குது, எனக்கு வேற வருதே?"

கோடை (நான் சொல்வது பைத்தான் கோடு) திறக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். உங்கள் விடை எந்தப் பக்கம் தப்பியிருக்கிறது? கேலக்ஸி இருக்க வேண்டிய இடத்தைவிடக் கிட்டே வந்திருந்தால் காரணம் பெரும்பாலும் நெரிசல், அல்லது சிவப்பு அரக்கர் வரிசையின் உச்சிக்கு மேலே நிற்கும் வேறு வகை விண்மீன்கள். தள்ளிப் போயிருந்தால் தூசி, விண்மீன் பற்றாக்குறை, அல்லது அளவுமுறைக் குழப்பம். திசை தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

முறை என்னவென்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். சூரியனைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்குக்குள் நிறையுள்ள விண்மீன், மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் ஊதிப் பெருத்துச் சிவப்பு அரக்கனாகிறது. உள்ளே சேரும் ஹீலியச் சாம்பலின் நிறை சூரிய நிறையில் 0.47, 0.48 பங்கை எட்டி, வெப்பம் 10 கோடி டிகிரியைத் தொடும்போது ஹீலியம் ஒரே வீச்சில் பற்றிக்கொள்கிறது. அந்த நேரத்தில் விண்மீன் ஏறக்குறைய இரண்டாயிரம் சூரியன்களின் ஒளியுடன் இருக்கும். அதன் பிறகு மங்கிக் கீழே இறங்கிவிடும். மைய நிறைதான் ஒளியை முடிவு செய்கிறது, அந்த நிறையோ எல்லா விண்மீனிலும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே எந்த கேலக்ஸியை எடுத்தாலும் அரக்கர்களின் வரிசை ஒரே உயரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும். அகச்சிவப்பை ஒட்டிய ஐ பட்டையில் அந்த உச்சியின் தனிப் பொலிவெண் (எல்லா விண்மீனையும் ஒரே நிலையான தூரத்தில் வைத்துப் பார்த்தால் வரும் பொலிவெண்; எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) சுமார் −4.05. படத்தில் உச்சி எந்தப் பொலிவெண்ணில் தெரிகிறதோ அதிலிருந்து இதைக் கழித்தால் தூரம் வந்துவிடும்.

1944-ல் வால்டர் பாடே, போர்க்கால இருட்டடிப்பில் லாஸ் ஏஞ்சலஸ் விளக்குகள் அணைந்திருந்தபோது, மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் சிவப்புக்கு உணர்வுள்ள தட்டுகளை மாட்டி ஆண்ட்ரோமெடாவின் மையத்திலும் அதன் துணை கேலக்ஸிகளிலும் இந்த விண்மீன்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். அதை முறையான அளவுகோலாக மாற்றி, விளிம்பைக் கணிப்பொறி கண்டுபிடிக்கும்படி செய்தது 1993-ல் லீ, ஃப்ரீட்மன், மடோர் மூவரும்.

முதலில் ஒரு சோதனை ஓட்டம்

சொந்த கேலக்ஸிக்குப் போகும் முன் உங்கள் கோடை என்ஜிசி 4258 என்ற கேலக்ஸியின் புறப்பகுதிப் படத்தில் ஓட்டிப் பாருங்கள். அதன் மையத்தைச் சுற்றும் நீராவி மேசர்களை (லேசரைப்போல ரேடியோ அலை வீசும் வாயுத் திரள்கள்) ரேடியோவில் பின்தொடர்ந்து, வேறு எந்த விண்மீனின் துணையும் இல்லாமல் வடிவக் கணக்காகவே தூரம் போட்டிருக்கிறார்கள்: 2019-ல் வந்த மதிப்பு சுமார் 7.58 மெகாபார்செக், அதாவது ஏறக்குறைய 2 கோடியே 47 லட்சம் ஒளியாண்டு. ஹப்பிளின் எஃப்814டபிள்யூ வடிகட்டியில் (இனி 814) அதன் உச்சி, தூசி திருத்திய பிறகு, 25.35 அருகில் விழ வேண்டும். விழவில்லையென்றால் கோளாறு உங்கள் கணக்கில். அதைச் சரிசெய்யாமல் வேறு கேலக்ஸிக்குப் போய்ப் பயனில்லை.

அறிகுறி: எதை அளந்தாலும் 20 சதவீதம் கூடுதல் தூரம்

ஒரு கேலக்ஸி மட்டும் தப்பினால் அந்த கேலக்ஸியைச் சந்தேகிக்கலாம். எல்லாமே ஒரே விகிதத்தில் தள்ளிப் போனால் அளவுமுறையைச் சந்தேகியுங்கள். பொலிவெண்ணின் பூஜ்ஜியத்தை எங்கே வைப்பது என்பதில் வீகா, ஏபி என்று இரண்டு முறைகள் உண்டு. 814-ல் இரண்டுக்கும் இடையே சுமார் 0.43 பொலிவெண் வித்தியாசம். −4.05 என்பது வீகா முறை எண். ஏபி முறையில் அளந்த உச்சியிலிருந்து அதைக் கழித்தால் தூரம் 22 சதவீதம் வீங்கும். கோப்பின் தலைப்பைப் படியுங்கள். விண்மீன்களின் ஒளியை அளக்கும் டால்ஃபாட் நிரலின் வெளியீடு வீகாவில் வரும். வேறு சில தயார்ப் பட்டியல்கள் ஏபியில் இருக்கும்.

அறிகுறி: கேலக்ஸி கிட்டே வந்துவிட்டது

தப்பு நடப்பதில் முக்கால்வாசி இங்கேதான். பெரிய பெரிய குழுக்களே இதில் மோதிக்கொண்டிருக்கின்றன.

இரண்டு காரணம் உண்டு. ஒன்று நெரிசல். ராத்திரி வாளையாறு ரோட்டில் தூரத்தில் வரும் லாரியின் இரண்டு ஹெட்லைட்டும் ஒரே விளக்காகத் தெரிவது போல, அடர்ந்த பகுதியில் இரண்டு அரக்கர்கள் ஒரே புள்ளியில் ஒட்டிக்கொண்டு ஒரே பிரகாசமான விண்மீனாகப் பதிவாகிவிடும். சம ஒளியுள்ள இரண்டு விண்மீன் சேர்ந்தால் பிரகாசம் 0.75 பொலிவெண் ஏறும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் ஜோடிகள் இப்படி உச்சிக்கு மேலே குதித்துவிடுவதால், வெட்டுப்பட்ட விளிம்பு மேல்நோக்கிக் கரைந்துபோகிறது.

இரண்டாவது காரணம் ஏஜிபி விண்மீன்கள். ஹீலியத்தையும் மையத்தில் எரித்து முடித்து, மறுபடி ஊதிப் பெருக்கும் முதியவை இவை. இவற்றில் ஒரு பகுதி சிவப்பு அரக்கர் உச்சியைத் தாண்டி, ஒரு பொலிவெண் வரை மேலே போய் நிற்கும். படம் ஆழமில்லாமல் இருந்தால் உண்மையான உச்சி இரைச்சலுக்குள் புதைந்துவிடும். ஏஜிபிக் கூட்டத்தின் மேல் விளிம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கணிப்பொறிக்கு என்ன தெரியும், கிடைத்த விளிம்பை உச்சி என்று சொல்லிவிடும்.

ஆன்டெனா கேலக்ஸிகள் (என்ஜிசி 4038, 4039) நல்ல உதாரணம். ஒரு குழு இந்த முறையில் 13.3 மெகாபார்செக் என்றது. 2007-ல் அங்கே ஒரு ஐஏ வகை சூப்பர்நோவா (ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் வெடிக்கும் வகை) வெடித்தது. அதை வைத்து ஷ்வைட்சரும் கூட்டாளிகளும் 2008-ல் சுமார் 22 என்றார்கள். அதே விண்மீன் படங்களைத் திரும்பப் பார்த்து, உச்சி என்று எடுத்தது உச்சியே இல்லை, உண்மையானது கீழே இருக்கிறது, அதை வைத்தால் 20 வருகிறது என்றும் காட்டினார்கள்.

பத்து வருடம் கழித்து அதே கதை இன்னும் சூடாக நடந்தது. என்ஜிசி 1052-டிஎஃப்2 என்ற மங்கலான கேலக்ஸியில் கரும்பொருளே கிட்டத்தட்ட இல்லை என்று 2018-ல் வான் டொக்கம் குழு அறிவித்தது. அவர்கள் வைத்த தூரம் ஏறக்குறைய 20 மெகாபார்செக். 2019-ல் ட்ருஹியோ குழு, தூரம் 13-தான், அப்படியானால் இது சாதாரண கேலக்ஸி என்று மறுத்தது. கிட்டே கொண்டுவந்தால் உள்ளே இருக்கும் விண்மீன்களின் மொத்த நிறை குறைகிறது, அப்போது கரும்பொருளுக்கு இடம் வந்துவிடுகிறது. ஆக, ஒரு கேலக்ஸியின் இயல்பே உச்சி எங்கே என்ற கேள்வியில் தொங்கியது. 2021-ல் ஷென் குழு ஹப்பிளை அதே இடத்தில் பல சுற்றுகள் நிறுத்தி ஆழமாகப் படம் எடுத்தது. உச்சி தெளிவாகத் தெரிந்தது. தூரம் 22.1 என்று வந்தது.

13-க்கும் 22-க்கும் உள்ள வித்தியாசம் பொலிவெண்ணில் ஒன்றுக்குச் சற்றே மேல். ஆன்டெனாவிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஏஜிபி விண்மீன்களும் ஒட்டிக்கொண்ட ஜோடிகளும் உச்சிக்கு மேல் எவ்வளவு உயரம் நிற்கும் என்று சற்று முன் சொன்னேனே, அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் தூரம் புத்தகத் தூரத்தில் அறுபது சதவீதமாக வந்தால் வேறெதையும் தேட வேண்டாம்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? படத்தை மையத்துக்கு அருகில், வெளியே என்று இரண்டாக வெட்டித் தனித்தனியாக உச்சி தேடுங்கள். வெளிப்பகுதியில் உச்சி மங்கலான பக்கம் நகர்ந்தால் உள்ளே நெரிசல். வெளிப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுங்கள். மனசு வராது, ஆயிரக்கணக்கான விண்மீன் போகிறதே என்று இருக்கும். போகட்டும்.

அடுத்தது பொய் விண்மீன் சோதனை. டால்ஃபாட்டிலேயே வசதி உண்டு. பொலிவெண் தெரிந்த செயற்கை விண்மீன்களைப் படத்தில் தூவி, நிரல் அவற்றை என்னவாக அளக்கிறது என்று பார்க்க வேண்டும். 25.4 என்று போட்டவை சராசரியாக 25.3 ஆகத் திரும்பினால் உங்கள் உச்சியும் அவ்வளவு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இதற்கு லேப்டாப் ராத்திரி முழுக்க ஓடும். மழைக்காலம் என்பதால் மின்சாரத்தை நம்ப வேண்டாம், இடையிடையே சேமிக்கும்படி துண்டு துண்டாக ஓட்டுங்கள்.

ஏஜிபியைப் பிடிக்க, விளிம்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். உண்மையான உச்சிக்குக் கீழே அரக்கர்களின் கிளை அடர்த்தியாகத் தொடரும். ஒரு பொலிவெண் இறங்கினால் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகும். அந்த ஒரு பொலிவெண் முழுவதும் நன்றாக அளக்கப்பட்டிருக்க வேண்டும். விளிம்பிலிருந்து அரை பொலிவெண்ணிலேயே உங்கள் தரவு தீர்ந்துபோகிறது என்றால், அந்த விளிம்பை நான் நம்பமாட்டேன், அதை எவ்வளவு பெரிய குழு வெளியிட்டிருந்தாலும்.

அறிகுறி: விளிம்பே இல்லை, வெறும் சரிவுதான் தெரிகிறது

நிற-பொலிவு வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். நெடுக்கு அச்சில் எஃப்606டபிள்யூ வடிகட்டியை (இனி 606) வைத்திருக்கிறீர்களா? பலர் வைக்கிறார்கள். அந்தப் பட்டையில் உலோகம் (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள்) அதிகமுள்ள அரக்கர்களின் உச்சி வலப்பக்கம் கவிழ்ந்து இறங்கும். பக்கவாட்டில் சேர்த்து எண்ணினால் விளிம்பு மழுங்கிவிடும். நெடுக்கில் எப்போதும் 814, கிடையில் 606 கழித்தல் 814.

அச்சு சரியாக இருந்தும் தெரியவில்லையென்றால் கேலக்ஸியின் சுருள் கரங்களில் நிற்கிறீர்கள். அங்கே இளம் விண்மீன்கள், சிவப்பு மீப்பெரு விண்மீன்கள் எல்லாம் கலந்து கிடக்கும். தட்டிலிருந்து விலகி ஒளிவட்டப் பகுதிக்குப் போங்கள். கிழடுகள் மட்டும் குடியிருக்கும் இடம் அதுதான். நிறத்தில் ஒரு பட்டையை வெட்டி, அரக்கர் கிளையை மட்டும் விட்டுவைத்தாலும் பாதி அழுக்கு போய்விடும்.

மிச்ச அழுக்கு விண்மீனே அல்ல. பின்னால் இருக்கும் தொலைதூரக் கேலக்ஸிகள் சிறு புள்ளியாக வந்து பட்டியலில் உட்கார்ந்திருக்கும். டால்ஃபாட் ஒவ்வொரு பொருளுக்கும் கூர்மை, நெரிசல் என்று எண்கள் தருகிறது. அவற்றை வைத்து வடிகட்டுங்கள். சிக்னல்-இரைச்சல் விகிதம் 5-க்குக் கீழே உள்ளவற்றைக் கேட்காமலே தூக்கிவிடலாம்.

அறிகுறி: இரண்டு மூன்று உச்சி காட்டுகிறது

விளிம்பைத் தேடும் சோபெல் வடிகட்டி (இது கணக்கு வடிகட்டி) செய்வது சின்ன வேலை: ஒவ்வொரு பொலிவெண் பெட்டியிலும், அடுத்த பெட்டியின் எண்ணிக்கையிலிருந்து முந்தைய பெட்டியின் எண்ணிக்கையைக் கழிக்கிறது. எங்கே திடீரென்று கூடுகிறதோ அங்கே மேடு. பெட்டி ரொம்பச் சின்னதாக இருந்தால் ஒவ்வொரு தற்செயல் குலுக்கலும் ஒரு மேடாகும். பெட்டி அகலத்தை 0.02-லிருந்து 0.1 வரை மாற்றிப் பாருங்கள். இடம் மாறாமல் நிற்கும் மேடுதான் உச்சி. அகலத்துக்கு ஏற்ப ஊர் சுற்றுகிற மேடு எதுவும் உச்சி அல்ல.

இரண்டு மேடு பிடிவாதமாக நின்றால், சுமார் ஒரு பொலிவெண் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். மேலே நிற்பது ஏஜிபி. மேல் மேடு உயரமாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள்.

ஹப்பிளில் 2002-லிருந்து இருக்கிற ஏசிஎஸ் கேமராவில் ஒரே படத்தின் நடுப்பகுதியும் மேல், கீழ் ஓரங்களும் வேறு வேறு உச்சி காட்டுவதும் உண்டு. கதிர்வீச்சில் சிப் பழுதாகி, மின்னூட்டம் வாசிப்பு முனைக்கு வரும் வழியில் கொஞ்சம் சிந்திப்போகிறது. அந்த முனைக்குத் தொலைவில் பதிவான விண்மீன் மங்கலாகும். எஃப்எல்டி கோப்பை விட்டுவிட்டு, திருத்தம் செய்த எஃப்எல்சி கோப்பை எடுங்கள். அவ்வளவுதான்.

அறிகுறி: குட்டி கேலக்ஸி தள்ளிப் போகிறது

ஹீலியம் பற்றிக்கொள்வதற்கு முந்தைய கடைசிக் கட்டம் வேகமாகக் கடந்துபோகும். குள்ள கேலக்ஸியில் மொத்தமே சில நூறு அரக்கர்கள் என்றால், நாம் பார்க்கும் நேரத்தில் உச்சியில் ஒருவரும் நிற்காமல் போகலாம். உள்ளதில் பிரகாசமானவர் உச்சிக்குக் கீழே எங்கேயோ நிற்பார். அவரை உச்சி என்று எடுத்தால் தூரம் கூடும். உச்சியிலிருந்து ஒரு பொலிவெண்ணுக்குள் குறைந்தது 100 விண்மீனாவது வேண்டும் என்று மடோரும் ஃப்ரீட்மனும் 1995-லேயே சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் கீழே போனால் சோபெல் வேண்டாம். பெட்டியில் போட்டு எண்ணாமல் ஒவ்வொரு விண்மீனையும் நேராக மாதிரிக் கோட்டுடன் பொருத்தும் அதிகபட்ச சாத்திய முறைக்கு மாறுங்கள். அப்போதும் பிழைக்கோடு ஒருபக்கம் நீளமாகத்தான் இருக்கும்.

அறிகுறி: பெரிய கேலக்ஸி, நல்ல படம், ஆனாலும் தள்ளிப் போகிறது

நடுவில் தூசி. வானத்தில் எந்தத் திசை என்று முதலில் பாருங்கள். ஐசி 342 பால்வெளித் தட்டுக்குப் பக்கத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது. தூசி திருத்தாமல் விட்டால் அதன் தூரம் ஒன்றரை மடங்கை நெருங்கிவிடும்.

திருத்தியும் சரியாக வரவில்லை என்பவர்களுக்கு ஒரு குறிப்பு. தூசி வரைபடத் தளத்தில் ஒரே திசைக்கு இரண்டு சிவப்பாதல் எண்கள் (தூசி ஒளியை எவ்வளவு சிவப்பாக்குகிறது என்பதன் அளவு) வரும். ஒன்று 1998-ன் ஷ்லெகல், ஃபின்க்பைனர், டேவிஸ் வரைபடத்தின் எண். இன்னொன்று 2011-ல் ஷ்லாஃப்லியும் ஃபின்க்பைனரும் அதை 0.86 ஆல் குறைத்த எண். 2011 கட்டுரையின் அட்டவணையில் 814-க்கு 1.53, 606-க்கு 2.47 என்று பெருக்கு எண்கள் இருக்கின்றன. அந்தக் குறைப்பு அவற்றுக்குள் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. ஆகவே அவற்றைப் பழைய 1998 எண்ணுடன்தான் பெருக்க வேண்டும். புது எண்ணுடன் பெருக்கினால் தூசியை இரண்டு தடவை குறைத்தவர் ஆவீர்கள்.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். எம்81 மாதிரி ஒரு கேலக்ஸியில் 814 உச்சி 23.90, சிவப்பாதல் எண் 0.08 என்று வைத்துக்கொள்ளுங்கள். தூசி 0.08 × 1.53 = 0.12. கழித்தால் 23.78. அதிலிருந்து −4.05-ஐக் கழித்தால் 27.83. இது தூர எண். இதனுடன் 5 கூட்டி 5 ஆல் வகுத்தால் 6.566. பத்தின் அடுக்காக எடுத்தால் 36.8 லட்சம் பார்செக். ஒளியாண்டில் 1 கோடியே 20 லட்சம். 0.1 பொலிவெண் எங்கே நழுவினாலும் தூரத்தில் 5 சதவீதம் போகும் என்பதை இதை வைத்தே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி: சிவந்த பக்கம் போகப்போக உச்சி சாய்கிறது

இது கோளாறு அல்ல, உலோகம். −4.05 என்பது உலோகம் குறைந்த, நீலப்பக்க அரக்கர்களுக்கு. உலோகம் கூடினால் 814-லும் லேசாக மங்கும். ரிட்ஸியும் கூட்டாளிகளும் 2007-ல் கொடுத்த சூத்திரம்: −4.06 + 0.20 × (நிறம் − 1.23), நிறம் என்பது தூசி நீக்கிய 606 கழித்தல் 814. நிறம் 1.73 என்றால் −3.96. நீலப்பக்க அரக்கர்கள் போதுமான அளவு இருந்தால் அவர்களை மட்டும் வைத்து அளந்துவிடுவது இன்னும் நிம்மதி.

ஜேம்ஸ் வெப் படங்களை எடுப்பவர்கள் −4.05-ஐக் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அகச்சிவப்பில் உள்ளே போகப்போகச் சாய்வு தலைகீழாகிச் செங்குத்தாகும், சிவந்தவை பிரகாசமாகும். சாய்வு குறைவாக இருப்பது எஃப்090டபிள்யூ வடிகட்டியில். அதில் என்ஜிசி 4258-ஐ வைத்து 2024-ல் ஆனந்தும் கூட்டாளிகளும் போட்ட எண் சுமார் −4.36, வீகா முறையில்.

அறிகுறி: பிழை 0.5 சதவீதம் என்று வருகிறது

சந்தோஷப்படும் முன் யோசியுங்கள். விளிம்பு எங்கே என்பதில் வரும் பிழையை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். தனிப் பொலிவெண்ணிலேயே ஏறக்குறைய 0.04 நிச்சயமின்மை இருக்கிறது. அதுவே 2 சதவீதம். பிரபஞ்ச விரிவு வேகம் (ஒரு மெகாபார்செக்குக்கு நொடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று) 70-ஐ ஒட்டியா 73-ஐ ஒட்டியா என்று இன்றைக்கும் நடக்கும் சண்டையில் இந்த 0.04-க்கும் ஒரு பங்கு உண்டு. ஆகவே அதை விழுங்கிவிட்டு எழுதாதீர்கள். விண்மீன் பட்டியலிலிருந்து திரும்பத் திரும்பத் தற்செயலாக எடுத்து உச்சி எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். தூசி எண்ணின் பிழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விடையை யாருக்காவது அனுப்பும்போது தூரத்தை மட்டும் அனுப்பாதீர்கள். தூசி திருத்தாத உச்சி, வடிகட்டி, வீகாவா ஏபியா, எந்த வருடத்துத் தூசி எண், எடுத்துக்கொண்ட தனிப் பொலிவெண், படத்தில் எந்தப் பகுதியை வெட்டினீர்கள், எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, நிற-பொலிவு வரைபடத்தையும் கூடவே வையுங்கள். பாலக்காட்டுச் சித்தூரில் ஒருவருக்கும் பொள்ளாச்சியில் ஒருவருக்கும் ஒரே கோப்பிலிருந்து இரண்டு தூரம் வந்தால், பக்கங்களை அருகருகே வைத்து வரிசையாக ஒப்பிட்டுக்கொண்டு வாருங்கள். எந்த வரியில் எண் பிரிகிறதோ, கோளாறு அந்த வரியில் இருக்கும்.